நிவாரண மருத்துவப் பணிக்குப் போகிறீர்களா? காகிதங்களை இந்த வரிசையில் சேருங்கள்

நான் செவிலியர். போரும் கொள்ளைநோயும் பேரிடரும் நடக்கும் இடங்களில் மருத்துவ உதவி தரும் ஒரு சர்வதேச அமைப்புக்கு விண்ணப்பித்த நாளிலிருந்து விமானம் ஏறிய நாள் வரை எனக்குப் பதினான்கு மாதம் ஆனது. எழுத்துத் தேர்வு, நேர்காணல் எல்லாம் மூன்றே மாதத்தில் முடிந்துவிட்டன. மீதிப் பதினொரு மாதத்தைத் தின்றவை ஊசிகளும் காகிதங்களும்தான். அதில் பாதி நானே தேடிக்கொண்ட வினை. முதலில் தொடங்க வேண்டிய தடுப்பூசியைக் கடைசியில் தொடங்கினேன். கடைசியில் வாங்க வேண்டிய சான்றிதழை ஆர்வக்கோளாறில் முதலிலேயே வாங்கி வைத்தேன். அது காலாவதியாகி, மறுபடி பணம் கட்டி, மறுபடி வரிசையில் நின்றேன்.

ஆகவே வரிசைதான் முக்கியம். நாள் பிடிப்பவை முதலில். நாள் கடந்தால் செல்லாமல் போகிறவை கடைசியில். கீழே உள்ள படிகளை அப்படித்தான் அடுக்கியிருக்கிறேன். அமைப்புக்கு அமைப்பு விதி மாறும் என்பதால் உங்களை எடுக்கும் அமைப்பு வேறு மாதிரி சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

1. உங்களை எடுப்பார்களா என்று முதலில் பாருங்கள்

பெரும்பாலான அமைப்புகள், மருத்துவ அல்லது செவிலியர் கவுன்சிலில் பதிவு பெற்ற பிறகு குறைந்தது இரண்டு ஆண்டு முழுநேர வேலை அனுபவம் கேட்கின்றன. பயிற்சிக் காலத்தை அதில் சேர்க்க மாட்டார்கள். அனுபவம் அண்மையில் பெற்றதாகவும் இருக்க வேண்டும். பத்து வருடம் வார்டில் இருந்துவிட்டுக் கடைசி மூன்று வருடம் அலுவலக வேலை பார்த்தவர், மறுபடி கொஞ்ச காலம் நோயாளிகளிடம் வேலை செய்துவிட்டு வரும்படி திருப்பி அனுப்பப்படலாம். மாணவர்களுக்கு இங்கே இடமில்லை. மாணவர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு, வேறு நாட்டு நோயாளிகள் மேல் 'பயிற்சி' செய்ய விடும் திட்டங்கள் உண்டு. அந்தப் பக்கமே போகாதீர்கள்.

அடுத்த கேள்வி, எவ்வளவு காலம் ஒதுக்க முடியும் என்பது. எல்லைகளற்ற மருத்துவர்கள் போன்ற அமைப்புகளில் பொது மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர், ஆய்வக நுட்பர் ஆகியோரின் முதல் பணி பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை இருக்கும். அறுவைச் சிகிச்சை நிபுணர், மயக்க மருந்து நிபுணர், மகப்பேறு நிபுணர் ஆகியோரைச் சில வாரங்களுக்கும் எடுப்பார்கள். இரவு பகலாக அழைப்பு வரும் வேலை, உடம்பு அதற்கு மேல் தாங்காது.

அவ்வளவு விடுப்பு கிடைக்காதா? அவசர மருத்துவக் குழுக்கள் என்று உலக சுகாதார நிறுவனம் தரம் பிரித்து வைத்திருக்கும் குழுக்களைப் பாருங்கள். பேரிடர் நடந்ததும் கிளம்பி இரண்டு வாரம், மூன்று வாரம் வேலை செய்துவிட்டுத் திரும்பும் குழுக்கள் இவை. முதல் வகைக் குழு புறநோயாளிகளைப் பார்க்கும். இரண்டாம் வகைக் குழுவுக்குக் குறைந்தது 20 உள்நோயாளிப் படுக்கைகளும், நாளொன்றுக்கு 7 பெரிய அறுவைச் சிகிச்சை செய்யும் திறனும் வேண்டும். இதில் சேர முன்கூட்டியே பெயர் பதிந்து, பயிற்சி எடுத்து, பட்டியலில் காத்திருக்க வேண்டும். செய்தியைப் பார்த்துவிட்டுத் தனியாகப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவது உதவியாகாது. 2010 ஹைட்டி நிலநடுக்கத்தின்போது தகுதியும் தயாரிப்பும் இல்லாமல் வந்து குவிந்த குழுக்களைப் பார்த்த பிறகுதான் இந்தத் தரப் பிரிப்பே வந்தது. உங்களுக்கான தண்ணீர், சாப்பாடு, கழிப்பறையைக்கூட நீங்களே கொண்டுபோக வேண்டிய இடத்தில் தனியாள் ஒரு சுமை.

2. மொழியை இன்றே தொடங்குங்கள்

ஆங்கிலம் மட்டும் தெரிந்தாலும் போகலாம். ஆனால் காங்கோ ஜனநாயகக் குடியரசு, மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு, சாட், நைஜர் என்று பெரிய திட்டங்கள் நடக்கும் பல நாடுகளில் வேலை பிரெஞ்சில்தான் நடக்கும். ஏமன், சூடான் பக்கம் அரபு தெரிந்தால் மதிப்பு. பிரெஞ்சு தெரிந்த செவிலியர் பட்டியலில் காத்திருக்கும் நாட்கள் என்னைவிட மிகக் குறைவாக இருந்ததை நான் நேரில் பார்த்தேன்.

வேலை நடத்தும் அளவுக்கு, அதாவது ஐரோப்பிய மொழித் தர அளவில் பி2 என்னும் நிலைக்கு, பிரெஞ்சு வர ஒரு வருடமாவது பிடிக்கும். ஊசிகளையும்விட நீளமானது இதுதான். மொழித் தேர்வுக் கட்டணம் உங்கள் கையிலிருந்துதான் போகும். சில அமைப்புகள் சான்றிதழே கேட்காமல் தொலைபேசியில் பேசிப் பார்த்து முடிவு செய்கின்றன. கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

3. ஊசி அட்டவணையை நாட்காட்டியில் குறியுங்கள்

என் பெரிய தவறு இங்கேதான். மருத்துவமனையில் வேலை பார்க்கிறோமே, ஹெபடைடிஸ் பி ஊசி எப்போதோ போட்டிருக்கிறோமே என்று மெத்தனமாக இருந்தேன். ஆவணம் கேட்டார்கள், இல்லை. ரத்தத்தில் எதிர்ப்புப்பொருள் அளவு பார்த்தார்கள். மில்லிலிட்டருக்கு 10 மில்லி அலகாவது இருக்க வேண்டும். எனக்கு அதற்கும் கீழே. முழுச் சுற்றும் மறுபடி: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. அதற்குப் பிறகு ஒன்றிரண்டு மாதம் விட்டு மறுபடி ரத்தப் பரிசோதனை. எட்டு மாதம் அப்படியே போயிற்று. மூன்று வாரத்துக்குள் மூன்று ஊசி போடும் விரைவு அட்டவணையும் உண்டு, ஆனால் அதற்குப் பன்னிரண்டாவது மாதத்தில் நான்காவது ஊசி வேண்டும். என் அமைப்பு அதை ஏற்கவில்லை.

எனவே விண்ணப்பம் போடும் முன்பே எதிர்ப்புப்பொருள் பரிசோதனையைச் செய்துவிடுங்கள். ஒரு ரத்தக் குழாய், ஒரு சின்னக் கட்டணம், அவ்வளவுதான்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி ஒரே ஒரு டோஸ். அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே போடுவார்கள். சில மையங்கள் வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில்தான் திறந்திருக்கும். சான்றிதழ் ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் செல்லும். 2016 ஜூலை முதல் அது வாழ்நாள் முழுக்கச் செல்லும், பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியதில்லை. இது உயிருள்ள கிருமியைப் பலவீனமாக்கிச் செய்த தடுப்பூசி. தட்டம்மைக்கான எம்.எம்.ஆர். ஊசியும் அப்படித்தான். இரண்டும் வேண்டுமென்றால் ஒரே நாளில் போட வேண்டும், இல்லாவிட்டால் நான்கு வாரம் இடைவெளி விட வேண்டும். இந்த நான்கு வாரத்தைக் கணக்கில் சேர்க்காமல் பயணத்தைத் தள்ளிப்போட்டவர்களை எனக்குத் தெரியும்.

ரேபிஸ் முன்தடுப்புக்கு முதல் ஊசி, ஏழு நாள் கழித்து இரண்டாவது. ஹெபடைடிஸ் ஏ, டைபாய்டு, டெட்டனஸ் எல்லாம் எளிதாக முடியும். செனகலிலிருந்து எத்தியோப்பியா வரை நீளும் மூளைக்காய்ச்சல் வளையத்துக்குள் போகிறவர்களுக்கு அதற்கான ஊசி. போலியோ இருக்கும் நாட்டில் நான்கு வாரத்துக்கு மேல் தங்கினால், திரும்பும்போது விமான நிலையத்தில் போலியோ ஊசிக்கான பதிவைக் கேட்கக்கூடும்.

இப்போது அந்த மஞ்சள் அட்டை, அதாவது மஞ்சள் காய்ச்சல் ஊசிக்குத் தரும் சர்வதேசத் தடுப்பூசிச் சான்றிதழ். ஊசி போட்டவர் என் அட்டையில் கையெழுத்துப் போட்டார், ஊசி மருந்தின் தொகுதி எண் எழுதினார், மையத்தின் முத்திரையைக் குத்த மறந்துவிட்டார். நானும் பார்க்கவில்லை. விமான நிலைய கவுண்டரில் இருந்த பெண் அட்டையை விளக்கொளியில் சாய்த்துப் பார்த்துவிட்டு, "முத்திரை எங்கே?" என்றார். வெறும் நீல மைக் கையெழுத்து. அன்றைய விமானம் என்னை விட்டுவிட்டுப் போனது. முத்திரை வாங்கி மறுபடி கிளம்ப நான்கு நாள். மையத்தின் வாசலைத் தாண்டும் முன் பெயர், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, தொகுதி எண், கையெழுத்து, முத்திரை ஆகிய ஆறையும் விரல் வைத்துச் சரிபாருங்கள்.

4. காலாவதியாகாத காகிதங்களைச் சேருங்கள்

பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், கவுன்சில் பதிவு, அனுபவச் சான்றிதழ்கள். எல்லாவற்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். சான்றிதழில் முதலெழுத்து மட்டும், பாஸ்போர்ட்டில் விரித்தெழுதிய முழுப்பெயர், பதிவுச் சான்றிதழில் திருமணத்துக்குப் பிந்திய பெயர் என்று மூன்று விதமாக இருந்தால், மூன்றும் ஒரே ஆள்தான் என்று ஒரு பிரமாணப் பத்திரம் நோட்டரியிடம் வாங்கி வையுங்கள். விசா நேரத்தில் இதற்காக ஓடினால் இரண்டு வாரம் வீண்.

அனுபவச் சான்றிதழில் 'நன்றாக வேலை செய்தார்' என்ற ஒற்றை வரி போதாது. சேர்ந்த தேதி, விலகிய தேதி, எந்தப் பிரிவு, எத்தனை படுக்கை, எத்தனை பேரை மேற்பார்வை செய்தீர்கள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். வேலையை விட்ட பிறகு போய்க் கேட்டால் முகம் கொடுக்க மாட்டார்கள். இருக்கும்போதே வாங்குங்கள்.

பாஸ்போர்ட் பணிக்காலம் முடிந்த பிறகும் ஆறு மாதமாவது செல்ல வேண்டும். வெற்றுப் பக்கங்களும் வேண்டும். வெளிநாட்டில் காட்டும் காகிதம் உண்மையானது என்று நம் அரசு குத்தும் அப்போஸ்டில் முத்திரையை எல்லா நாடுகளும் ஏற்பதில்லை. 1961 ஹேக் உடன்படிக்கையில் சேராத நாடு என்றால் அதன் தூதரகத்தில் அட்டெஸ்ட் செய்ய வேண்டும். எந்த நாடு என்று தெரியும் முன் தூதரக முத்திரைக்குப் பணம் கட்டாதீர்கள்.

5. விண்ணப்பமும் நேர்காணலும்

விண்ணப்பம் அமைப்பின் சொந்த இணையதளம் வழியாக மட்டும். எந்த உண்மையான அமைப்பும் விண்ணப்பக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், விசா முன்பணம் என்று உங்களிடம் கேட்காது. நேர்காணலே இல்லாமல் நியமனக் கடிதம் வந்தாலோ, இலவச மின்னஞ்சல் முகவரியிலிருந்து வந்தாலோ அழித்துவிடுங்கள். ஐக்கிய நாடுகள் சபையின் சின்னத்தோடு வரும் போலிக் கடிதங்கள் பார்க்க அச்சு அசலாக இருக்கும்.

சுயவிவரத்தில் எல்லோரும் செய்யும் தவறு, தாங்கள் செய்த சிகிச்சைகளை மட்டும் அடுக்குவது. களத்தில் பெரும்பாலான ஊழியர்கள் அந்த நாட்டுக்காரர்களே. ஊசி போடுவதும் கட்டுப் போடுவதும் அவர்கள் வேலை, உங்களைவிட வேகமாகவே செய்வார்கள். வெளியிலிருந்து போகிறவருக்குக் கிடைப்பது பணிப் பட்டியல் போடுவது, பயிற்சி தருவது, மருந்துக் கையிருப்பைக் கணக்கிட்டு அடுத்த மூன்று மாதத்துக்கு ஆர்டர் போடுவது போன்ற வேலைகள். இவற்றில் எது செய்திருந்தாலும் எண்ணோடு எழுதுங்கள்.

தேர்வுக்கு எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் மருத்துவ வழிகாட்டிகளைப் படியுங்கள், இணையத்தில் இலவசம். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் உள்ள குழந்தையின் மேற்கைச் சுற்றளவு 115 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு, ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், பத்தாயிரம் பேரில் நாளுக்கு ஒருவருக்கு மேல் இறந்தால் அவசரநிலை: இப்படிச் சில எண்கள் விரல்நுனியில் இருக்கட்டும்.

நேர்காணலில் என்னிடம் கேட்டது இது. "குழந்தைகள் பிரிவில் ஒரே ஒரு ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர். மூச்சுத்திணறலோடு மூன்று குழந்தைகள். என்ன செய்வீர்கள்?" எந்தக் குழந்தைக்கு முதலில் என்று நான் நியாயம் பேச ஆரம்பித்தேன். எதிரே இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஃபுளோ ஸ்பிளிட்டர் தெரியுமா?" என்றார். ஒரே இயந்திரத்திலிருந்து வரும் ஆக்சிஜனைப் பிரித்துப் பல குழந்தைகளுக்குத் தனித்தனி அளவில் தரும் சின்னக் கருவி அது. சுவரிலிருந்து ஆக்சிஜன் வரும் மருத்துவமனையிலேயே வேலை பார்த்த நான் அதைக் கண்ணால் கண்டதில்லை. தெரியாது என்று சொன்னேன். எடுத்துக்கொண்டார்கள், தெரியாததைத் தெரிந்ததுபோல் பேசியிருந்தால் எடுத்திருக்க மாட்டார்கள் என்று பிறகு சொன்னார்கள்.

ரெஃபரன்ஸுக்கு உங்களை நேரடியாக மேற்பார்வை செய்தவரின் பெயரைக் கொடுங்கள். உறவினர், நண்பர் வேண்டாம். முன்பு வேறு நிவாரண அமைப்பில் இருந்தவர் என்றால், அங்கே பாலியல் புகார் ஏதும் உண்டா என்றும் கேட்டு எழுதுவார்கள்.

6. காலாவதியாகும் காகிதங்களை இப்போது வாங்குங்கள்

தேர்வான பிறகு உங்களைக் காத்திருப்போர் பட்டியலில் வைப்பார்கள். பொருத்தமான இடம் வரச் சில வாரமும் ஆகலாம், அரை வருடமும் ஆகலாம். இந்தக் கட்டத்தில்தான் குட் ஸ்டாண்டிங் சான்றிதழ், போலீஸ் கிளியரன்ஸ், உடல் தகுதிச் சான்றிதழ் மூன்றையும் தொட வேண்டும்.

குட் ஸ்டாண்டிங் என்பது உங்கள் மேல் ஒழுங்கு நடவடிக்கை எதுவும் இல்லை என்று கவுன்சில் தரும் கடிதம். பெரும்பாலும் மூன்று மாதம்தான் செல்லும். நான் நேர்காணலுக்கும் முன்பே வாங்கிப் பெருமையாகப் பையில் வைத்திருந்தேன். சில இடங்களில் கவுன்சிலே நேரடியாக அமைப்புக்கு அனுப்ப வேண்டும். உங்கள் கைக்கு வந்த கடிதத்தின் உறையைப் பிரித்துவிட்டால் அது செல்லாது. விண்ணப்பிக்கும்போதே யாருக்கு அனுப்ப வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். பதிவுக் கட்டணம் பாக்கி இருந்தால் கடிதம் வராது, முதலில் அதைப் பாருங்கள்.

உங்கள் மேல் குற்றப் பதிவு இல்லை என்று காட்டும் போலீஸ் கிளியரன்ஸும் மூன்று முதல் ஆறு மாதம்தான். நீங்கள் முன்பு வேலை பார்த்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் கேட்கலாம்; அப்படி என்றால் அது ஒன்றுக்கே இரண்டு மாதம் ஒதுக்குங்கள்.

காத்திருக்கும் நாட்களில் பிஸேஃப் என்ற ஐ.நா. பாதுகாப்புப் பயிற்சியை இணையத்தில் முடித்துவிடுங்கள். இலவசம்.

7. பணமும் ஒப்பந்தமும்

விமானச் சீட்டு, விசா, தங்குமிடம், காப்பீடு ஆகியவற்றைப் பெரும்பாலான அமைப்புகள் ஏற்கும். ஊசிச் செலவை ரசீது காட்டினால் திருப்பித் தருகிறவை உண்டு. ஆனால் முன்பே போட்ட ஊசிக்குத் தருவார்களா என்று கேளுங்கள். மொழித் தேர்வு, நோட்டரி, அட்டெஸ்டேஷன், கவுன்சில் கட்டணம், கூரியர் ஆகியவை உங்கள் பாடு. ஒவ்வொன்றும் சில்லறையாகத் தெரியும், கூட்டினால் மலைப்பீர்கள். எனக்கு அதையும்விட வலித்தது, பழைய வேலையை விட்டதற்கும் புது ஒப்பந்தம் தொடங்கியதற்கும் இடையில் சம்பளமே இல்லாத மாதங்கள். ஒப்பந்தம் கையில் வரும் முன் ராஜினாமா கொடுக்காதீர்கள். மூன்று மாதச் செலவுக்குக் கையிருப்பு வையுங்கள். முதல் வருட ஊதியம் மருத்துவமனைச் சம்பளத்தைவிடக் குறைவாகவும் இருக்கலாம். வீட்டுக் கடன் தவணை கட்டுகிறவர்கள் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும்.

காப்பீட்டில் நான்கு கேள்வி கேளுங்கள். போர், கலவரத்தில் ஏற்படும் காயத்துக்குச் செல்லுமா? வேறு நாட்டுக்கு மருத்துவ விமானத்தில் கொண்டுபோவார்களா? நிரந்தர ஊனத்துக்கு என்ன? திரும்பி வந்த பிறகு எத்தனை மாதம் செல்லும்? இன்னொன்றும் கேளுங்கள்: நோயாளிக்குப் போட்ட ஊசி தவறி உங்கள் கையில் குத்திவிட்டால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்து திட்டத்திலேயே இருக்கிறதா என்று. அதை 72 மணி நேரத்துக்குள், முடிந்தவரை உடனே, தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும்.

அப்புறம் ஒரு படிவம் வரும், அதைப் பற்றி யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. நீங்கள் கடத்தப்பட்டால் உயிரோடுதான் இருக்கிறீர்களா என்று உறுதி செய்ய, உங்களுக்கு மட்டுமே விடை தெரிந்த சில கேள்விகளை எழுதித் தர வேண்டும். சமூக ஊடகத்தில் கிடைக்கும் விடை கூடாது. யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்றும் எழுத வேண்டும். ஒரு இரவு முழுக்க அந்தக் காகிதத்தோடு உட்கார்ந்திருந்தேன். வீட்டாரிடம் பேச வேண்டியதை அந்தப் படிவம் வருவதற்கு முன்பே பேசிவிடுங்கள்.

8. பையும் பயண நாளும்

உங்கள் தினசரி மாத்திரைகளை முழுப் பணிக்காலத்துக்கும், உறை பிரிக்காமல், மருந்துகளின் மூலப்பெயர் (ஜெனரிக் பெயர்) எழுதிய மருத்துவர் கடிதத்தோடு எடுத்துக்கொள்ளுங்கள். டிரமடால், கோடீன் போன்ற வலிநிவாரணிகள் சில நாடுகளில் கைது வரை போகும். மலேரியா தடுப்பு மாத்திரையில் டாக்சிசைக்ளின் என்றால் கிளம்பும் முந்தின நாளே தொடங்கி, திரும்பி நான்கு வாரம் வரை. மெஃப்ளோகுவின் என்றால் இரண்டு மூன்று வாரம் முன்பே தொடங்க வேண்டும்.

தலையில் மாட்டும் விளக்கு, இன்னொரு மூக்குக்கண்ணாடி, பாஸ்போர்ட் அளவுப் படம் இருபது. ராணுவ உடை போன்ற புள்ளி போட்ட துணி, பைனாகுலர், டிரோன் எதுவும் வேண்டாம். டாலர் எடுத்துப் போனால் புது நோட்டாக. கசங்கியதையும் பழையதையும் பல இடங்களில் தொட மாட்டார்கள். எல்லாக் காகிதத்தின் ஸ்கேனும் மின்னஞ்சலில் ஒன்று, வீட்டில் ஒருவரிடம் ஒன்று. அசல் கைப்பையில், பெட்டியில் அல்ல. என் பெட்டி என்னைவிட ஒன்பது நாள் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது.

9. திரும்பும் முன்

மதிப்பீட்டு அறிக்கையையும் பணிச் சான்றிதழையும் களத்தை விட்டுக் கிளம்பும் முன்பே கையெழுத்தோடு வாங்குங்கள். திட்டம் மூடப்பட்டு, அதிகாரி வேறு நாட்டுக்குப் போய்விட்டால் துரத்திப் பிடிக்க முடியாது. அமைப்பு ஏற்பாடு செய்யும் மனநல உரையாடலை, 'எனக்கு ஒன்றுமில்லை' என்று தட்டிக் கழிக்காதீர்கள்; நான் தட்டிக் கழித்தேன், ஆறு வாரம் கழித்து நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். திரும்பி வந்த மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் அடித்தால் எந்த நாட்டில் இருந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லி, அன்றே மலேரியா பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். எபோலா இருந்த இடம் என்றால் 21 நாள் காலையும் மாலையும் வெப்பநிலையைக் குறித்து வைக்க வேண்டும். அந்த மூன்று வாரத்துக்குள் பழைய வேலையில் சேரும் தேதியை ஒப்புக்கொள்ளாதீர்கள்.